தூக்கியவனும் சீர்தூக்கியவனும்

அட்லஸ் என்றால் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சைக்கிள் நினைவுக்கு வரும். ஹேண்டில்பாருக்குக் கீழே பதித்த சின்னத்தில், பெரிய உருண்டை ஒன்றைச் சுமந்தபடி ஓர் ஆள் இருப்பார். அவர்களுக்கு அடுத்த தலைமுறைக்கு அது பள்ளிக்கூடத்தில் வாங்கிவரச் சொன்ன படப் புத்தகம். பைக்குள் எப்படி வைத்தாலும் மூலை மடங்கிப்போகும். மூளை ஆராய்ச்சியில் இருப்பவர்களிடம் அதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள். ‘எந்த அட்லஸ்? ஆலனா, யூலிஷா, தலேராக்கா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். மூளையின் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அங்கே உயிரணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று காட்டும் தொகுதிகளுக்கெல்லாம் இன்று அட்லஸ் என்றே பெயர். அவற்றில் முக்கியமான பலவற்றை யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம்.

சைக்கிள் சின்னத்து ஆள் மனித மண்டைக்குள் வந்துசேர்ந்த வழி நேர்வழி இல்லை. வழியில் அவர் தூக்கியிருந்த சுமை மாறியது. ஒரு கட்டத்தில் ஆளே மாறிவிட்டார்.

கிரேக்கர்களின் அட்லஸ், சியூஸ் கடவுளோடு போரிட்டுத் தோற்ற டைட்டன் குலத்தவன். தண்டனையாக, உலகின் மேற்கு விளிம்பில் நின்று வானத்தைத் தாங்க வேண்டும் என்று ஹெசியோட் சொல்கிறார். கவனிக்க வேண்டியது, வானத்தை. பூமியைச் சுமப்பதாகப் பழைய கதையில் இல்லை. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் ஃபர்னேசே அட்லஸ் என்றொரு பளிங்குச் சிலை இருக்கிறது, ரோமானியர் காலத்தது. முழங்கால் மடங்கி, கழுத்து ஒடிய அவன் தாங்கும் உருண்டையில் நாடுகளும் கடல்களும் கிடையாது, விண்மீன் கூட்டங்களின் உருவங்களே செதுக்கப்பட்டிருக்கின்றன. உருண்டையைக் கண்டதும் அதைப் பூமி என்று கொள்வது பிற்காலத்துப் பழக்கம். நம் புராணத்தில் வேலைப் பங்கீடு வேறு. இங்கே பூமியைத் தாங்க ஆதிசேடனும் எட்டுத் திக்கு யானைகளும் உண்டு; வானத்துக்கு முட்டுக்கொடுக்க யாரும் தேவைப்படவில்லை.

பெயரின் வேரைப் பார்ப்போம். கிரேக்கத்தில் ‘த்லேனாய்’ என்றால் தாங்குதல், பொறுத்தல். அதிலிருந்து அட்லஸ் வந்தது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மொழியில் மலையைக் குறிக்கும் ‘அட்ரார்’ என்ற சொல்லைத்தான் கிரேக்கர் காதில் வாங்கித் தங்கள் வினைச்சொல்லோடு முடிந்துகொண்டார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. மொராக்கோவின் அட்லஸ் மலைத்தொடர் அங்கேதான் இருக்கிறது என்பதால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் கிரேக்கக் காதில் அந்தப் பெயர் ‘தாங்குபவன்’ என்றே ஒலித்தது. சொல்லின் பிற்கால வாழ்வுக்கு அது போதும்.

‘த்லேனாய்’ என்பதற்கு இந்தியாவிலும் உறவுண்டு. அதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது சமஸ்கிருதத்தின் ‘துலா’. தராசுத் துலாமும், குருவாயூரில் எடைக்கு எடை வாழைப்பழம் கொடுக்கும் துலாபாரமும், யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் மேலும் கீழும் போய்வரும் துலாவும் அந்தக் குடும்பத்தவை. கிரேக்கத்திலேயே ‘தாலன்டன்’ என்றால் தராசு. பிறகு ஓர் எடை. பிறகு அந்த எடைக்கான பணம். ஆக, தூக்குவதும் நிறுப்பதும் ஒரே வேரில் கிடக்கின்றன. தமிழ் வேறு குடும்பத்து மொழி. இந்த வேரோடு உறவில்லாத நம் ‘தூக்கு’ என்ற சொல்லும் அதே வழியில் போயிருப்பதுதான் சுவை. மூட்டையைத் தூக்குகிறோம்; இரண்டு பக்க நியாயத்தையும் சீர்தூக்கிப் பார்க்கிறோம். பழந்தமிழில் தூக்கு என்றாலே நிறுத்தல். அட்லஸ் என்ற பெயரின் கதை முழுக்க இந்த இரண்டு பொருளுக்கும் நடுவே நடக்கிற இழுபறிதான்.

இழுபறியைத் தொடங்கிவைத்தவர் கெரார்டு மெர்கேட்டர். 1512இல் ஃப்ளாண்டர்ஸில் பிறந்தவர். மதவிரோதக் குற்றச்சாட்டில் 1544இல் சில மாதம் சிறையிலிருந்தவர். 1552இல் குடும்பத்தோடு ஜெர்மன் பகுதியிலிருந்த டூயிஸ்பர்குக்குக் குடிபெயர்ந்து கடைசிவரை அங்கேயே வாழ்ந்தவர். 1569இல் அவர் வெளியிட்ட உலகப்படத்தின் வீச்சுமுறையைத்தான் கடலோடிகள் பல நூற்றாண்டுகள் பின்பற்றினார்கள். அவர் 1594 டிசம்பரில் இறந்தார். மறு ஆண்டு அவர் மகன் ரூமோல்டு, மிச்சமிருந்த படங்களையும் சேர்த்து வெளியிட்ட பெருநூலின் தலைப்பிலே முதல் சொல்லாக நின்றது ‘அட்லஸ்’. வரைபடத் தொகுதி ஒன்றுக்கு இந்தப் பெயர் விழுந்தது அப்போதுதான். அதற்கு 25 ஆண்டுகள் முன்னால், 1570இல், அவருடைய நண்பர் ஓர்ட்டேலியஸ் ஆன்ட்வெர்ப்பில் வெளியிட்ட தொகுதியே இவ்வகையில் முதல் நூல் என்பார்கள். ஆனால் அவர் வைத்த பெயர் ‘உலக அரங்கம்’. அந்தப் பெயர் நிலைத்திருந்தால் இன்று நாம் ‘மூளைத் தியேட்டர்’ என்று பேசிக்கொண்டிருப்போம்.

மெர்கேட்டர் மனத்தில் இருந்த அட்லஸ் தண்டனை அனுபவிக்கும் டைட்டன் இல்லை. முன்னுரையில் அவர் காட்டுவது மௌரிதானியா நாட்டு அரசன் அட்லஸை: கல்விமான், தத்துவம் அறிந்தவன், வான உருண்டையை முதன்முதல் செய்தவன் என்று பெயர்பெற்றவன். நூலின் முகப்பு ஓவியத்திலும் அப்படியே. தாடிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தோளில் பாரமே இல்லை. உருண்டையைக் கையில் வைத்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார். தூக்கியவனை இறக்கிவிட்டுச் சீர்தூக்கியவனை அந்த இடத்தில் உட்காரவைத்தார் மெர்கேட்டர். மக்கள் அதை ஏற்கவில்லை. பின்னால் வந்த வெளியீட்டாளர்களும் சைக்கிள் கம்பெனிகளும் முதுகு வளைந்த பழைய ஆளையே திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள்.

அந்த நூலின் முழுத் தலைப்பில் ‘ஃபாப்ரிகா’ என்ற லத்தீன் சொல் வருகிறது: உலகத்தின் கட்டமைப்பு என்ற பொருளில். அதே சொல்லைத் தலைப்பில் தாங்கிய இன்னொரு பெருநூல் 1543இல் வந்திருந்தது. அது மனித உடலின் கட்டமைப்பைப் பற்றி ஆந்திரேயஸ் வெசேலியஸ் எழுதியது. மெர்கேட்டரும் வெசேலியஸும் 1530களில் லூவன் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். ஒருவர் உலகை வரையப் போனார். மற்றவர் உடலை அறுத்து வரையப் போனார். இருவரின் கைத்தொழிலும் பின்னால் ஒரே பெயரில் வந்து சேரப்போகிறது என்று இருவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. உடற்கூற்றியலில் அட்லஸ் என்ற பெயர் தனியாகவும் ஓர் இடம் பிடித்திருந்தது: கழுத்தின் முதல் முள்ளெலும்பு. மண்டையோடு உட்கார்ந்திருப்பது அதன்மேல்தான். மூளைக்கு அட்லஸ் போடுகிற ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்லஸ் ஏற்கெனவே அவர் மூளையைச் சுமந்துகொண்டிருக்கிறது.

(இடையில் ஓர் எச்சரிக்கை. அரபியில் ‘அத்லஸ்’ என்றால் வழுவழுப்பு. உஸ்பெக் நாட்டு அத்லஸ் பட்டும், ஜெர்மானியர் சாட்டின் துணியைச் சொல்லும் அட்லஸும் அந்த வழி வந்தவை. ஒலி ஒன்று, உறவு இல்லை. சொல்லாராய்ச்சியில் கால் வழுக்கும் இடம் இப்படித்தான் வழுவழுவென்று இருக்கும்.)

சிறப்புப்பெயர் பொதுப்பெயரானதற்கு ஆம்ஸ்டர்டாம் வியாபாரிகள் காரணம். மெர்கேட்டரின் செப்புத்தகடுகளை வாங்கிய ஹோண்டியஸ் 1606இல் படங்களைக் கூட்டிப் புதிய பதிப்புப் போட்டார். 1662இல் பிளாவ் வெளியிட்ட ‘பெரிய அட்லஸ்’ லத்தீனில் பதினொரு தொகுதி. அந்நூற்றாண்டில் விற்ற மிக விலையுயர்ந்த புத்தகங்களில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டுக்குள் பெரிய தாளில் படங்களாக அச்சான எந்தத் தொகுதிக்கும் அட்லஸ் என்று பெயர் வைப்பது வழக்கமாகிவிட்டது. செடி, எலும்பு, தோல்நோய் எல்லாவற்றுக்கும் அட்லஸ்கள் வந்தன. மூளைக்கும் வந்தது.

ஆனால் மூளை வரைபடங்களில் மிகப் புகழ்பெற்றது அந்தப் பெயரில் வரவில்லை. கோர்பினியன் புரோட்மன் பெர்லினில் ஆஸ்கர் ஃபோக்ட்டின் ஆய்வகத்தில் இருந்தபடி, மூளைச் சீவல்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து, உயிரணு அடுக்கு மாறும் இடங்களில் எல்லை போட்டார். 1909இல் லைப்சிக்கில் வந்த அவர் நூலின் தலைப்பில் அட்லஸ் என்ற சொல் இல்லை. பகுதிகளுக்கு அவர் பெயரே சூட்டவில்லை, எண் கொடுத்தார். அந்த எண்கள்தாம் இன்றைக்கும் பேச்சுவழக்கு: பார்வைக்கு 17, கை கால் அசைவுக்கு 4, பேச்சோடு தொடர்புள்ளவை 44, 45. வரிசையைத் தேடினால் தலை சுற்றும். 4க்குப் பக்கத்து வீடு 6. 17ஐச் சுற்றி 18, 19. 13 முதல் 16 வரை மனிதப் படத்தில் காணவே காணோம். அவர் எந்த வரிசையில் ஆராய்ந்தாரோ அந்த வரிசையில் எண் விழுந்தது. விடுபட்டவை பிற பாலூட்டிகளுக்கு ஒதுக்கியவை. கதவிலக்கம் போடும்போது ஊரை யாரும் ஒழுங்குபடுத்தவில்லை. 1925இல் வியன்னாவில் ஃபொன் எக்கொனொமோவும் கொஸ்கினாஸும் வெளியிட்ட பெருநூல் முறைப்படி ‘அட்லஸ்’ என்ற பெயருள்ள தனிப் படத்தொகுதியோடு வந்தது. பகுதிகளுக்கு ஒழுங்கான எழுத்துக் குறியீடுகளும் கொடுத்தார்கள். ஒழுங்கானதை விட்டுவிட்டு ஒழுங்கற்ற புரோட்மன் எண்களையே உலகம் பிடித்துக்கொண்டது. பெயர்கள் நிலைப்பதில் நியாயம் எதிர்பார்க்கக் கூடாது.

புரோட்மன் படம் கையால் வரைந்த ஓவியம். அதை வைத்துக்கொண்டு அறுவை மருத்துவர் ஊசியைச் செலுத்த முடியாது. பாரிஸின் சேன்த்-ஆன் மருத்துவமனையில் ழான் தலேராக் அதற்கு வழி கண்டார். மூளையின் நடுவே இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புக் கட்டுகள் இரண்டு உண்டு; முன்னே ஒன்று, பின்னே ஒன்று. இரண்டையும் இணைத்து ஒரு கோடு இழுத்து, அதிலிருந்து மூன்று திசைக்கும் மில்லிமீட்டர் கணக்கு வைத்தார். நிலப்படத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை மூளைக்குள் வந்தது இப்படித்தான். மெர்கேட்டர் பெயரிட்ட நூலுக்கும் மூளைத் தொகுதிக்கும் பெயரளவில் இருந்த ஒற்றுமை அன்று வேலையளவிலும் உண்மையானது. 1988இல் தூர்னூவோடு சேர்ந்து அவர் வெளியிட்ட அட்லஸ் உலகெங்கும் மூளைப் படமெடுப்போரின் கைநூலானது. அதிலிருந்த புரோட்மன் எண்கள், பழைய ஓவியத்தோடு ஒப்பிட்டுக் கண்ணளவாகக் குறித்தவை; ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அந்தக் கண்ணளவை அளவுகோலாக எடுத்துக்கொண்டன.

அந்த அட்லஸின் அடிப்படை ஒரே ஒரு மூளை. அறுபது வயதில் இறந்துபோன ஒரு பெண்மணியுடையது. மூளை ஆய்வாளர்கள் தங்கள் கணக்கையெல்லாம் ஆண்டுக்கணக்கில் அவர் மூளையில் ஏற்றிவைத்தார்கள்; அவருக்குப் பெயர் கிடையாது, நூலுக்கு மருத்துவரின் பெயர். பிற்பாடு மான்ட்ரியால்காரர்கள் 152 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களைச் சராசரி எடுத்து வேறு சட்டகம் செய்தார்கள். அந்தச் சராசரி மூளை யாருடைய தலையிலும் கிடையாது.

இப்போது வருவது ‘பிக்பிரெயின்’. ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் கத்ரின் அமுன்ட்ஸ் குழுவும் மான்ட்ரியாலில் ஆலன் எவன்ஸ் குழுவும் சேர்ந்து 2013இல் வெளியிட்டது. இதுவும் ஒரு பெண்மணியின் மூளைதான், வயது 65. மூளையைப் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்து, நெற்றிப்பக்கத்திலிருந்து பிடரிப்பக்கம்வரை 7,404 சீவல்களாகச் சீவினார்கள். ஒரு சீவலின் கனம் 20 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு ஐம்பது. பெருக்கிப் பார்த்தால் சுமார் 148 மில்லிமீட்டர், அதாவது அந்த மூளையின் நீளம். அந்தக் கனத்தில் திசு வெங்காயச் சருகு மாதிரி: கத்தி இழுக்கும்போது சுருங்கும், கண்ணாடியில் ஏற்றும்போது மடங்கும், ஓரம் கிழியும். ஒவ்வொன்றுக்கும் சாயமேற்றிப் படம்பிடித்து, மடிப்பைக் கணினியில் நீவி, கிழிசலைப் பக்கத்துச் சீவலைப் பார்த்து ஒட்டி, மறுபடி முழு மூளையாக அடுக்க ஆண்டுகள் ஆயின. திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனால், பார்வைப் புறணியில் ஓரிடத்தில் அடுக்கு சட்டென்று மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புரோட்மன் 17 என்று எண் போட்ட எல்லை அது.

புறணி என்றதும் ஒரு சொல். மூளையின் மேலடுக்குக்கு லத்தீனில் மரப்பட்டை என்று பெயர். நம் கலைச்சொல்லாளர்கள் அதற்குச் சரியாகப் புறணி என்று வைத்தார்கள். புறம்பேசுதலுக்கும் தமிழில் அதுவே பெயர். புறணி பேசுவதற்குப் புறணி வேண்டும் என்பதில் அறிவியல் தவறு ஏதுமில்லை.

இலவசம் என்ற வழக்கத்தை உறுதியாக்கியதில் சியாட்டிலின் ஆலன் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. மைக்ரோசாஃப்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான பால் ஆலன் 2003இல் பத்துக் கோடி டாலர் போட்டுத் தொடங்கியது. முதலில் எலி மூளை. 2010இலிருந்து மனித மூளை. மரபணுக்கள் எங்கெங்கே வேலை செய்கின்றன என்பதை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அதன் மனித மூளைத் தொகுதிக்கு ஆதாரம் இறந்தபின் கொடையாகக் கிடைத்த ஆறே மூளைகள். பிளாவின் பதினொரு தொகுதியைச் செல்வர்கள் வாங்கி அலமாரியில் வைத்தார்கள். இதை மதுரையில் விடுதி அறையிலிருக்கும் மாணவி மடிக்கணினியில் திறக்கலாம். அட்லஸ் என்ற பெயருக்கு 1595க்குப் பிறகு நேர்ந்த பெரிய மாற்றம் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆளும் சுமையும் மாறியதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் ஓர் அட்லஸை வெளியிட்டது. கருவின் இரண்டாம் மும்மாதத்தில் மூளை எப்படி வளர்கிறது என்பதைக் காட்டுவது. பிறக்காமல் போன ஐந்து கருக்கள், 14, 17, 21, 22, 24 வாரங்கள், 5,132 சீவல்கள், ஐந்நூறுக்கு மேற்பட்ட பகுதிகளுக்கு அடையாளம். இதுவும் எல்லாருக்கும் இலவசம். பெயர் ‘தரணி’. நீண்ட ஆங்கிலத் தலைப்பு ஒன்றின் முதலெழுத்துகளைக் கூட்டிச் செய்த பெயர்தான். விஞ்ஞானிகளுக்கு இந்த விளையாட்டு பிடிக்கும், பெரும்பாலும் விளைவு சகிக்காது. இந்த முறை நன்றாகவே அமைந்துவிட்டது. தரணி என்றால் பூமி; சமஸ்கிருதத்தில் ‘த்ரு’ என்ற வேரிலிருந்து, ‘தாங்குபவள்’. ‘ஆதாரம்’ என்ற சொல்லுக்கும் அந்த வேர்தான். ‘தரித்தல்’ வழியாகத் தமிழில் அது கருத்தரித்தலிலும் இருக்கிறது. கருவைத் தரித்த வயிற்றிலிருந்து தொடங்கும் அட்லஸுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேடிப் பிடித்திருக்க முடியாது. அட்லஸுக்கும் தரணிக்கும் வேர் வேறு, பொருள் ஒன்று. மெர்கேட்டர் இறக்கிவிட்ட சுமப்பவனின் இடத்தில், தெரிந்தோ தெரியாமலோ, சென்னையில் சுமப்பவளை அமர்த்தியிருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு என்ன சொல் என்பது இன்னும் தீரவில்லை. வரைபடம் என்றால் ஒற்றைப் படம்; கணக்கு வாத்தியாரின் கிராஃபும் வரைபடமே. இலங்கையில் வழங்கும் தேசப்படம் அழகான சொல், ஆனால் மூளை தேசமில்லை. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்று பெயர் வைத்தார். பாதாதிகேசம் பாடிய மொழிக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும் சொல், ஏனோ வழக்கொழிந்துவிட்டது. மூளைப்படத் தொகுதி என்று எழுதலாம், குற்றமில்லை. நான் அட்லஸ் என்றே எழுதுவேன். சைக்கிளாகவும் புத்தகமாகவும் நம் தெருவில் இத்தனை காலம் புழங்கிய சொல்லை மூளைக்கு மட்டும் அந்நியமாக்குவானேன்?

கடைசியாக யூலிஷ். மெர்கேட்டர் டூயிஸ்பர்கில் குடியிருந்தபோது 1564இல் அவரைத் தன் அரசவை உலகப்பட அறிஞராக நியமித்த வில்லியம் பிரபுவின் பட்டமே ‘யூலிஷ்-கிளீவ்ஸ்-பெர்க் பிரபு’ என்பதுதான். அதே யூலிஷில்தான் 2020இல் கத்ரின் அமுன்ட்ஸும் கார்ல் ட்ஸில்லெஸும் ஊர்ப் பெயரிட்ட மூளை அட்லஸை வெளியிட்டார்கள். ஒரே மூளையை நம்பாமல் 23 மூளைகளின் சீவல்களிலிருந்து, ஒவ்வொரு பகுதியும் ஆளுக்கு ஆள் எவ்வளவு இடம்பெயர்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டுவது. அச்சுப் புத்தகமாக இல்லாமல் மென்பொருள் மாதிரிப் பதிப்பெண்ணோடு வளர்கிறது. மெர்கேட்டரின் 1595 நூல் ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வரைந்து முடிக்காமலே அச்சுக்குப் போனது. யூலிஷ் அட்லஸிலும் இன்னும் எல்லை போடாத இடங்கள் உண்டு. அவற்றை வெள்ளையாக விடாமல், ‘இடைவெளிப் படம்’ என்று முத்திரையிட்டு, மூளை மடலின் பெயரும் ரோமன் எண்ணும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். யாராவது அங்கே சீவல் சீவலாகப் பார்த்து எல்லை கண்டதும், அடுத்த பதிப்பில் அந்த முத்திரை போய், அந்த இடத்துக்குச் சொந்தப் பெயர் வந்துவிடும்.